ஹாரியிடம் திரும்பிப் போக எந்த வழி?

2014-இல் டிரெஸ்டன் ஃபைல்ஸ் நாவல் வரிசையில் 'ஸ்கின் கேம்' வந்தபோது நானும் தம்பியும் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்தோம். பகலில் நான், ராத்திரி அவன். அடுத்த நாவலுக்கு ஆறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் 'பீஸ் டாக்ஸ்', செப்டம்பரில் 'பேட்டில் கிரவுண்ட்' என்று இரண்டு சேர்ந்தாற்போல் வந்தன. அதற்குள் வேலை, கல்யாணம், குழந்தை என்று இருவருக்குமே படிக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. 2026 ஜனவரியில் 18-ஆவது நாவலான 'ட்வெல்வ் மந்த்ஸ்' வெளியானது. அந்த வாரமே தம்பி பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து நின்றான். "அக்கா, திரும்ப ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பிக்கலாம். ஆனால் எங்கேயிருந்து? அங்கேதான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

ஜிம் புட்சரின் டிரெஸ்டன் ஃபைல்ஸ் 2000-இல் தொடங்கிய தொடர். சிகாகோ நகரத்தின் டெலிபோன் டைரக்டரியில் மந்திரவாதி என்றே பெயர் கொடுத்துப் பிழைப்பு நடத்தும் ஹாரி டிரெஸ்டனின் கதை. இன்றைய நகரத்துக்குள் மந்திரம் நடக்கிற அர்பன் ஃபேண்டசி கதைகளின் வாசகர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். கடைசி மூன்று நாவல்களின் கதையை இங்கே தொடமாட்டேன். 'ஸ்கின் கேம்' வரை படித்து விட்டவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி எடுத்தது குறுக்கு வழி. இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு, நேராக 'பீஸ் டாக்ஸ்' தொடங்கினான். யார் யாருக்கு என்ன உறவு, எந்த தேவதை எந்த அரசவை என்று எல்லாம் ஒப்பித்தான். நாலு நாள் கழித்து போனில் சொன்னான்: "பேரெல்லாம் தெரியுது அக்கா, முகம்தான் தெரியல."

இந்த வழியின் குறை அதுதான். நடந்தது என்ன என்பதைச் சுருக்கம் சொல்லிவிடும். அது நடந்தபோது நமக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லாது. அதோடு, 'பீஸ் டாக்ஸ்', 'பேட்டில் கிரவுண்ட்' இரண்டும் முதலில் ஒரே நாவலாக எழுதப்பட்டுப் பிறகு பிரிக்கப்பட்டவை. பல வருடமாகச் சேர்ந்த கணக்குகள் எல்லாம் அங்கே சில நாட்களுக்குள் தீர்க்கப்படுகின்றன. அந்தக் கணக்குகள் நம் மனதில் இல்லையென்றால் வெறும் சண்டைதான் மிஞ்சும்.

ஆபீஸ் தோழி ஒருத்தி வேறு வழி சொன்னாள்: 12-ஆவதான 'சேஞ்சஸ்'. தொடரில் ஒற்றைச் சொல் தலைப்பு கொண்ட ஒரே நாவல். முதல் பக்கத்திலிருந்தே ஓட்டம்தான், அவளும் மூன்று நாளில் முடித்துவிட்டாள். ஆனால் எனக்கு இது சரிப்படவில்லை. ஹாரி அதுவரை சேர்த்து வைத்ததையெல்லாம் பறிப்பதுதான் அந்த நாவலின் வேலை. ஆபீஸ் போகிறது. பழைய ஃபோக்ஸ்வேகன் நசுங்குகிறது. அடித்தள வீடு எரிகிறது. கணப்பு அடுப்பு, பழைய விரிப்பு, அதற்குக் கீழே ஆய்வுக்கூடத்துக்கு இறங்கும் கதவு, சோபாவை அடைத்துக்கொண்டு படுக்கும் பூனை என்று பதினோரு புத்தகமாக நாம் குடியிருந்த வீடு அது. அந்த வீட்டுக்குள் திரும்ப ஒருமுறை போகாமல் அது எரிவதை மட்டும் பார்த்தால், யார் வீடோ எரிவது போலத்தான் இருக்கும். நேரமே இல்லாதவர்கள் இந்த வழியில் போகலாம். ஒன்று மட்டும்: 'சேஞ்சஸ்' முடித்த கையோடு 'சைட் ஜாப்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதையைப் படித்துவிட வேண்டும். ஹாரி இல்லாமல், அவன் தோழி மர்ஃபியின் குரலில் நடக்கிற கதை. அப்புறம்தான் 'கோஸ்ட் ஸ்டோரி'.

நான் முதல் புத்தகத்திலிருந்தே தொடங்கினேன். சர்ச் தெருவில் பிளாசமிலும் புக்வோர்மிலும் பழைய பிரதிகளாகத் தேடித் தேடி வாங்கியவை அலமாரியில் அப்படியே இருந்தன. மூன்றாவதான 'கிரேவ் பெரில்' பிரதியின் முதல் பக்கத்தில் பென்சில் விலை, அதற்குப் பக்கத்தில் தம்பியின் கையெழுத்தில் "மடக்காதே". மடக்கியிருந்தேன், ஏழெட்டு இடத்தில்.

முதல் இரண்டு நாவல்கள் இன்று எனக்கு இழுவையாகத்தான் இருந்தன. எழுத்து இன்னும் கை பழகாத எழுத்து. கதைக்குள் வரும் ஒவ்வொரு பெண்ணையும் ஹாரி தலை முதல் கால் வரை வர்ணித்த பிறகுதான் பேச விடுகிறான். இருபதுகளில் அதைக் கவனிக்காமலே கடந்திருக்கிறேன், இப்போது ஒவ்வொரு முறையும் தடுக்கியது. இரண்டாவதான 'ஃபூல் மூன்' நாவலை ஓநாய்களுக்காகக்கூட இன்னொரு தடவை படிக்க மாட்டேன்.

மூன்றாவதில் எல்லாம் மாறியது. ஹாரியின் நண்பர் மைக்கேல் வருகிறார், காட்டேரியான தாமஸ் வருகிறான். ரெட் கோர்ட் என்ற ரத்தக்காட்டேரிக் கூட்டத்தோடு போர் மூள்வதும் அங்கேதான். அந்தப் போர் ஒன்பது நாவல் தாண்டி 'சேஞ்சஸ்'ஸில்தான் முடிகிறது. பழைய ஞாபகத்தில் தனித்தனிக் கதைகளாக இருந்தவை இந்தமுறை ஒரே கயிறாகத் தெரிந்தன.

மாலியைத்தான் நான் மறந்தே போயிருந்தேன். ஐந்தாவதான 'டெத் மாஸ்க்ஸ்'ஸில் அவள் மைக்கேல் வீட்டுப் பதின்ம வயதுப் பெண், அம்மாவோடு சதா சண்டை. எட்டாவதில் பெரிய தப்பு செய்துவிட்டு ஹாரியிடம் மாணவியாகிறாள். பதின்மூன்றாவதில் அவளே கந்தல் உடையோடு, பனியில், தனியாகத் தெருவில் திரிகிறாள். இப்போது படிப்பில் அந்த இடத்தில்தான் இருக்கிறேன். முன்பு படித்தபோது எனக்கு அவள் ஒரு பக்கப் பாத்திரம். இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அம்மா செரிட்டி எதற்காக அப்படிக் கத்தினாள் என்பது 'டெத் மாஸ்க்ஸ்' படிக்கும்போதே புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆடியோபுக்காகக் காதால் கேட்பது இன்னொரு வழி. அல்சூரிலிருந்து பட்டந்தூர் அக்ரஹாரா வரை பர்ப்பிள் லைன் மெட்ரோவில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு புத்தகம் புரட்ட முடியாது. ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் குரலில் அந்த நேரம் போவதே தெரியவில்லை. ஹாரியின் களைப்பை அவர் குரலே சொல்லிவிடுகிறது. 'கோஸ்ட் ஸ்டோரி'யை முதலில் ஜான் குளோவர் வாசித்திருந்தார், பிறகு மார்ஸ்டர்ஸ் அதையும் வாசித்தார். வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள், நடுவில் ஹாரியின் குரல் மாறினால் மனம் ஒட்டாது. 2007-இல் வந்த 12 பகுதி டிவி தொடர் இதற்கெல்லாம் மாற்றாகாது. நாவல்களில் மண்டையோட்டுக்குள் இருக்கும் பாபே அதில் ஒரு மனிதரின் ஆவியாக வருகிறார்.

வாரம் ஒன்று என்றாலும் பதினெட்டுக்கு நாலு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் எல்லோருக்கும் இல்லை என்பதும் தெரியும். ஏழாவதான 'டெட் பீட்'டில் தொடங்கச் சொல்பவர்களும் உண்டு. சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தின் டைனோசர் எலும்புக்கூடு 'சூ'வுக்காகவே அது கொண்டாட்டமான நாவல்தான். ஆனால் புதிதாக வருபவர்களுக்கு அது பொருந்துகிற அளவுக்குத் திரும்பி வருபவர்களுக்குப் பொருந்தவில்லை. என்னைக் கேட்டால் மூன்றாவதில் தொடங்குங்கள். முதல் இரண்டுக்கு மட்டும் சுருக்கம் போதும். பேட்டில் கிரவுண்டுக்குப் பிறகான ஒரு வருடத்தில் ஹாரி எப்படி எழுந்து நிற்கிறான் என்பதுதான் 'ட்வெல்வ் மந்த்ஸ்'. அவன் எதையெல்லாம் தாண்டி அங்கே வந்தான் என்பது நம் கையில் இருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை தம்பி 'பீஸ் டாக்ஸ்'ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தான். அலமாரியிலிருந்து 'கிரேவ் பெரில்'லை எடுத்து, நான் மடக்கிய மூலைகளை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்திவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.