டெக்சஸில் ஒரு சொராரிட்டியின் முன்னாள் மாணவியர் வலையமைப்பு: ஓராண்டுத் தன்னார்வப் பணியின் அனுபவம்

ஹூஸ்டனில் வசிக்கும் நான், கல்லூரியில் படிக்கும்போது சேர்ந்த தெற்காசியப் பெண்கள் சொராரிட்டியின் (கல்லூரி மாணவியரின் சகோதரித்துவச் சங்கத்தின்) டெக்சஸ் மண்டல முன்னாள் மாணவியர் வலையமைப்பில் 2024 ஜூன் முதல் 2025 ஜூன் வரை தன்னார்வலராகப் பணியாற்றினேன். உறுப்பினர் பட்டியலைப் பராமரிப்பதும், இப்போது படிக்கும் மாணவிகளுக்கு வழிகாட்டிகளைத் தேடித் தருவதும் என் பொறுப்புகள். இப்படியொரு பொறுப்பை ஏற்கலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பெண்கள் அமெரிக்காவில் பலர் இருப்பதாலும், சேரும் முன் எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள் இருப்பதாலும் இதை எழுதுகிறேன். உறுப்பினர்களின் சொந்த வாழ்க்கை தொடர்பான செய்திகள் இதில் வருவதால் அமைப்பின் பெயரைக் குறிப்பிடவில்லை.

சொராரிட்டி என்பது பட்டம் வாங்கியதும் முடிந்துபோகும் மாணவியர் சங்கம் என்றே நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஆயுட்கால உறுப்பினர் முறை. இதை மற்ற எல்லோரையும்விட ஆழமாக நடைமுறைப்படுத்தியவை கறுப்பினப் பெண்களின் அமைப்புகள்தாம் என்பது என் கருத்து. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் தோன்றிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும், அதே வளாகத்தில் 1913-ல் தோன்றிய டெல்டா சிக்மா தீட்டாவும் பட்டதாரிகளின் கிளைகளை நம்பியே நூறாண்டுகளுக்கு மேல் இயங்கி வருகின்றன. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-ல் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். கல்லூரியை விட்டு நாற்பது ஆண்டுகளை நெருங்கிய நிலையில், 2024 ஜூலை 10 அன்று டாலஸில் நடந்த அதன் மாநாட்டில் அவர் பேசினார்.

தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகளுக்கு அந்த நீண்ட வரலாறு இல்லை. கப்பா ஃபை காமா ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திலும், டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலும் 1998-ல்தான் தொடங்கப்பட்டன. ஆகவே எங்களைப் போன்ற அமைப்புகளில் மிக மூத்த உறுப்பினர்களே நாற்பதுகளில் இருப்பவர்கள். ஓய்வுபெற்ற, நேரமும் அனுபவமும் உள்ள ஒரு தலைமுறை எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெற்றோரை மருத்துவரிடமும் அழைத்துப்போகும் வயதில் இருப்பவர்களே தன்னார்வப் பணியையும் சுமக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, பொறுப்பெடுக்க யாரும் முன்வரவில்லை என்ற குறைகளையெல்லாம் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அது ஆர்வக் குறைவு அன்று.

டாலஸ் மாநாடு நடந்த அந்த நாளில் ஹூஸ்டன் பகுதியில் பல லட்சம் வீடுகளில் மின்சாரம் இல்லை. இரண்டு நாள் முன்பு, ஜூலை 8 அதிகாலையில், பெரில் சூறாவளி மாட்டகோர்டா அருகே கரையைக் கடந்திருந்தது. முதல் வகைச் சூறாவளிதான் என்றாலும் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன; சில பகுதிகளில் மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கும் மேலானது. ஜூலை வெயிலில் ஏசி இல்லாத ஹூஸ்டன் வீட்டில் இருப்பது என்னவென்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். செல்பேசி இணைப்பும் வந்து வந்து போனதால், ஹூஸ்டனில் இருப்பவர்களே ஒருவரையொருவர் விசாரிப்பது நடக்கிற காரியமாக இல்லை. எனவே உறுப்பினர் பட்டியலை அஞ்சல் குறியீட்டு வாரியாகப் பிரித்து, டாலஸிலும் ஆஸ்டினிலும் இருந்தவர்களிடம் அழைக்கும் வேலையை ஒப்படைத்தோம். "நல்லா இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றே சொன்னார்கள். கேள்வியை மாற்றினோம். வீட்டில் இன்சுலின் போடுபவர் உண்டா, ஃப்ரீசரில் சேமித்த தாய்ப்பால் உண்டா, ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் பெற்றோர் வந்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் நிலவரம் வெளியே வந்தது. ஹூஸ்டனின் புறநகரான சுகர் லேண்டில் ஒருவர், கணவர் வேலை நிமித்தமாக வெளியூர் போயிருக்க, பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடும் பேறுகாலத் துணைக்கு வந்திருந்த அம்மாவோடும் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, அதில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன்க்கா" என்றாராம். அவர் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில், மின்சாரம் திரும்பிவிட்ட ஒரு வீட்டில், இன்னோர் உறுப்பினரின் விருந்தினர் அறை காலியாக இருந்தது. இருவரும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அன்று மாலை தாய், குழந்தை, பாட்டி மூவரும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த ஓராண்டில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: முன்னாள் மாணவியர் வலையமைப்பின் தலையாய வேலை, யார் எங்கே இருக்கிறார்கள், அவர்களை எப்படி அணுகலாம் என்று தெரிந்து வைத்திருப்பது. நிறுவனர் நாள் விருந்தும் நிதி திரட்டும் நிகழ்ச்சியும் அதற்கு அடுத்தபடியானவை. ஆனால் பட்டியல் வேலைக்கு முன்வருபவர் மிகக் குறைவு. நிகழ்ச்சிகள் மட்டுமே புகைப்படமாகப் பகிரப்படுகின்றன.

தெற்காசியப் பெண்களின் பட்டியலைச் சரியாக வைத்திருப்பதில் உள்ள சிரமத்தை வெளியில் இருப்பவர்கள் எளிதில் ஊகிக்க முடியாது. ஒரு தமிழ்ப் பெண் கல்லூரியில் அப்பாவின் பெயரை இறுதிப் பெயராகக் கொண்டு பதிவாகிறார். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் அந்த இடத்துக்கு வருகிறது. வேலையிடத்தில் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் புதிய பெயர், லிங்க்ட்இன்னில் இரண்டும் கலந்த ஒன்று என்று மூன்று ஆள்களாகப் பிரிந்து நிற்கிறார். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி செயலிழந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பெயரை வைத்துத் தேடுவதைக் கைவிட்டு, எந்தச் சாப்டர் (பல்கலைக்கழகக் கிளை), எந்த ஆண்டு, யாருடைய 'லிட்டில்' என்பதை அடிப்படையாக வைத்துப் பட்டியலைத் திருத்தி அமைத்தோம். சொராரிட்டியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த உறுப்பினர் 'பிக் சிஸ்டர்' ஆவதால் (புதியவர் அவருடைய 'லிட்டில்'), ஒவ்வொரு சாப்டருக்கும் ஒரு வம்சாவளி இருக்கிறது. பத்தாண்டுகளாகத் தொடர்பில் இல்லாத ஒருவரைப் பற்றி எந்தத் தேடுபொறியும் தராத தகவலை, அவருடைய பிக் சிஸ்டரோ லிட்டில் சிஸ்டரோ ஒரே வாட்ஸ்அப் செய்தியில் தந்துவிடுகிறார். இந்த முறையை மற்ற மண்டலங்களுக்கும் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

அதே பட்டியலில் "தொடர்பு வேண்டாம்" என்றொரு பத்தியும் இருக்கிறது, அதை மீறவே கூடாது. விலகிப் போனவர்களில் சிலருக்குக் கசப்பான காரணங்கள் உண்டு. வன்முறையான மணவாழ்க்கையிலிருந்து வெளியேறியவருக்கு, தன் புதிய முகவரி ஐம்பது பேர் திறந்து பார்க்கக்கூடிய கோப்பில் இருப்பதே ஆபத்து. எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் தெரியும்படியும், முழு முகவரியை இருவர் மட்டுமே பார்க்கும்படியும் வைத்தோம். இந்த விஷயத்தில் எந்த அமைப்பும் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

வழிகாட்டிப் பணி இதைவிட மகிழ்ச்சி தந்தது. காலேஜ் ஸ்டேஷன் நகரில் படிக்கும் ஒரு மாணவி, கணக்கியல் வேலைக்கான ரெஸ்யூமேயில் "சாப்டர் பொருளாளர்" என்று ஒரே வரி எழுதி, அதையும் கடைசியில் வைத்திருந்தார். என்ன செய்தாய் என்று கேட்டபோது, உறுப்பினர்களிடம் கட்டணத்தைத் தவணை முறையில் வசூலித்தது, அரங்கத்துக்கு முன்பணம் கட்டி நிகழ்ச்சிக்குக் காப்பீட்டுச் சான்றிதழ் பெற்றது, மாதாமாதம் வங்கிக் கணக்கைச் சரிபார்த்தது, முந்தைய ஆண்டின் பற்றாக்குறையை ஈடுகட்டியது என்று சொல்லிக்கொண்டே போனார். அதெல்லாம் வேலை அனுபவம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு வரி நான்கு வரிகளாகிப் பக்கத்தின் மேல்பகுதிக்கு வந்தது. வழிகாட்டியை அமர்த்தும்போது, ஒரே துறை என்பதைவிட, ஐந்து முதல் எட்டு ஆண்டு மூத்தவராக இருப்பதுதான் அதிகம் பலன் தந்தது. இருபதாண்டு மூத்தவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் அறிவுரை, இன்றைய வேலைச் சந்தைக்குப் பல நேரம் பொருந்துவதில்லை.

மனம் வருந்திய சந்தர்ப்பமும் உண்டு. ஹூஸ்டனில் பலர் இருட்டில் இருந்த அதே வாரத்தில் ஆண்டுச் சந்தாவுக்கான நினைவூட்டல் மின்னஞ்சல் மேலிடத்திலிருந்து எல்லோருக்கும் போயிற்று. தானாகச் செல்லும்படி அமைக்கப்பட்ட மடல்தான். எனினும் நிறுத்தக் கோரி எழுதியும் பதில் வரவில்லை. ஆண்டு முழுக்கப் பணம் கேட்க மட்டுமே ஒருவருக்கு எழுதினால், அவர் மடலைத் திறக்காமல் விடுவது இயல்பு. நலம் விசாரிக்கும் அழைப்பு ஒன்று போன பிறகு சந்தா கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பண விஷயத்தில் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. அமெரிக்க வரிச் சட்டத்தில் சொராரிட்டிகள் பொதுவாக 501(சி)(7) பிரிவில் வரும் சமூகச் சங்கங்கள். அவற்றுக்குக் கட்டும் சந்தாவுக்கு வரிவிலக்கு கிடையாது. அவற்றோடு இணைந்த அறக்கட்டளை, அறப்பணி அமைப்புகளுக்கான 501(சி)(3) பிரிவில் இருந்தால், அதற்குத் தரும் நன்கொடையை மட்டுமே கழிவாகக் காட்டலாம். அறப்பணிக்கான பயணத்துக்கு மைலுக்கு 14 சென்ட் என்ற கழிவும் அப்படிப்பட்ட அறக்கட்டளைப் பணிக்கே பொருந்தும். ஹூஸ்டனிலிருந்து டாலஸ் ஏறத்தாழ 240 மைல். கூட்டத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு உங்கள் கையிலிருந்து போவது என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கிளையின் பொருளாளர் பொறுப்பை ஏற்பவர்கள், சிறிய அமைப்புகள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய 990-என் படிவம் கடந்த ஆண்டுகளில் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் விடுபட்டால் வரித் தகுதி தானாகவே ரத்தாகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ராகிங் எனப்படுவது இங்கே ஹேசிங். ஆசிய அமெரிக்க அமைப்புகள் அதற்கு விதிவிலக்கல்ல. 2013 டிசம்பரில் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் ஆசிய அமெரிக்க மாணவர் சகோதரத்துவ அமைப்பு ஒன்றின் சடங்கில் முதலாண்டு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். டெக்சஸ் சட்டப்படி, ஹேசிங் நடக்கப்போவதை நேரடியாக அறிந்தும் தெரிந்தே புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், ஹேசிங் சம்பவங்களின் எண்ணிக்கையைக் கல்லூரிகள் தங்கள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் வெளியிட வேண்டும் என்கிறது. "எங்க காலத்துல இதைவிடக் கஷ்டமா இருந்துச்சு" என்று பெருமையாகச் சொல்லும் முன்னாள் உறுப்பினர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்கும் பத்தொன்பது வயதுப் பெண் அதை அனுமதியாகவே எடுத்துக்கொள்வாள். சாப்டருக்குப் போய்வரும் ஒவ்வொரு மூத்தவரும் வாயைத் திறக்குமுன் இதை நினைக்க வேண்டும்.

நேரம் என்று பார்த்தால், சாதாரண வாரங்களில் இரண்டு மூன்று மாலைகள் சிறிது சிறிதாகப் போகும்; புதிய உறுப்பினர் சேர்க்கை நடக்கும் செப்டம்பரிலும் பட்டமளிப்புக்கு முந்தைய ஏப்ரலிலும் வார இறுதிகளும் சேர்ந்து போகும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு மண்டலப் பொறுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மாணவிக்கு வழிகாட்டியாக இருப்பது அவர்களுக்கும் இயலும். வேறு மாநிலத்திலிருந்து டெக்சஸுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கோ, ஊரில் ஆள் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த ஆண்டுக்குப் பட்டியல் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, வழிகாட்டிப் பணியை சான் ஆன்டோனியோவில் இருக்கும் ஓர் இளைய உறுப்பினரிடம் ஒப்படைத்திருக்கிறேன். புயல் காலத்துக்கான கேள்விப் பட்டியலையும் எழுதி, ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கும் அழைப்பாளர்கள் எல்லோருக்கும் ஜூன் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டேன்.