ஏப்ரன் பஸ்: கிலோமீட்டரை விடுங்கள், மணிக்கணக்கைப் பாருங்கள்

விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனில், டெர்மினலுக்கும் விமானத்துக்கும் நடுவே ஓடும் பஸ், ஒரு நடைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனாலே அதிகம். இன்ஜினுக்கு மட்டும் ஓய்வில்லை. கடைசிப் பயணி ஏறும்வரை ஏசிக்காக நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். இதற்கு மீட்டரில் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றினால் இன்ஜின் போய்விடும். இன்ஜின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர்தான் கணக்கு. நெடுநேரம் ஐடிலிங்கில் ஓடுவதால் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு உள்ள வண்டியில், அந்த வால்வில் கரி சேரும். பிக்கப் குறைந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

இந்த வேலைக்கென்றே பிறந்த வண்டி என்றால் கோபஸ் 3000. நீளம் சுமார் 14 மீட்டர், அகலம் 3 மீட்டர், நெருக்கி ஏற்றினால் 110 பேர் வரை. இன்ஜினும் இழுவையும் முன்பக்கமே என்பதால், முன்கதவிலிருந்து பின்கதவு வரை படியில்லாத ஒரே தளம். பெட்டி உருட்டி வருபவருக்கும் முட்டி வலிக்காரருக்கும் இதைவிட வசதி வேறில்லை. நம் ஊர்ச் சாலையில் பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆகவே இது வேலிக்குள்ளேயே வாழும் வண்டி. பெரிய பழுதென்றாலும் மெக்கானிக்தான் உள்ளே வர வேண்டும், அவருக்கு ஏப்ரன் பாஸும் வேண்டும்.

எந்த நிறுவனத்தின் ஏப்ரன் பஸ்ஸானாலும் அதிகம் தொல்லை தருவது கதவுதான். கோபஸ் 3000-இல் பக்கத்துக்கு மூன்று, ஆக ஆறு. ஒன்று சரியாக மூடாவிட்டாலும் இன்டர்லாக் பிரேக்கை விடாது, வண்டி நகராது. டிரைவர் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவதில் பயனில்லை. இறங்கிப் போய் ஓரத்து ரப்பரைத் தடவிப் பாருங்கள். கிழிந்து மடிந்திருக்கும், இல்லையென்றால் பெட்டியின் உடைந்த சக்கரமோ டேக் காகிதமோ இடுக்கில் சிக்கியிருக்கும். அங்கே ஒன்றுமில்லையா? கதவுக்கு மேலுள்ள, ஆபத்தில் கதவைக் கையால் திறக்க உதவும் அவசர வால்வைப் பாருங்கள். அதன் மூடி உடைந்திருந்தால், நிற்கும் பயணி பிடிமானத்துக்கு அதையே பற்றித் திருப்பிவிடுவார். இன்டர்லாக்கை பைபாஸ் செய்து ஓட்டுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். உள்ளே பாதிப்பேர் கதவில் சாய்ந்துதான் நிற்கிறார்கள்.

கதவும் சஸ்பென்ஷனும் காற்றை நம்பியவை. சென்னை போன்ற கடலோரத்தில் ஏர் டேங்கில் தண்ணீர் கட்டும். தினமும் காலையில் டிரெயின் வால்வைத் திறந்துவிடுங்கள். இரவு நேராக நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பெல்லோஸ் எனும் சஸ்பென்ஷன் காற்றுப் பையிலோ குழாய் இணைப்பிலோ கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கோபஸில் முன் டயர்கள்தான் இழுக்கவும் திரும்பவும் வேண்டும் என்பதால் அவை சீக்கிரம் தேயும். தேய்மானத்தைவிட முக்கியம் டயர் பள்ளத்தில் சிக்கிய கல். அது விமானம் நிற்கும் ஸ்டாண்டில் உதிர்ந்தால் விமான இன்ஜின் உறிஞ்சிவிடக்கூடும். ஷிப்ட் தொடங்குமுன் ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாய் நெம்பி எடுத்து, குப்பை டப்பாவில் போட்ட பிறகே வண்டியை எடுங்கள்.