அழகுக்கு வாங்கிய ரேடியேட்டரும் அளவெடுத்துச் செய்த ரேடியேட்டரும்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமில் என் வீட்டு கராஜில் நான்கு வருடமாக ஒரு ஸ்பெஷல் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய காரின் பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே சேசிஸ், அதே என்ஜின் மேல் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்வதைத்தான் இங்கே ஸ்பெஷல் என்பார்கள். லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மேன் 1948இல் செய்த முதல் காரும் ஆஸ்டின் செவனில் கட்டிய ஸ்பெஷல்தான். என்னுடையதும் ஆஸ்டின் செவன், 1933 மாடல், 747 சிசி. மூக்கு தாழ்வாக இருந்தால்தான் லட்சணம் என்று என்ஜின் தண்ணீரை ஆற வைக்கும் ரேடியேட்டரை ஆன்லைனில் 280 பவுண்டுக்குக் குட்டையாக வாங்கி மாட்டினேன். போட்டோவில் வண்டி பிரமாதம். ரோட்டில் எட்டாவது நிமிடம் கொதித்துவிட்டது.

கொடைக்கானல் ஏறும்போது அப்பாவின் அம்பாசடர் இப்படித்தான் ஆவி விடும், பானட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேனோடு ஓரமாக நிற்போம். (அதன் 1489 சிசி என்ஜினும் ஆஸ்டின் வம்சம்தான்!) ஆனால் அதிலாவது வாட்டர் பம்ப் உண்டு. செவனில் அதுகூடக் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், ரேடியேட்டரில் ஆறிக் கனமாகிக் கீழே இறங்கும், அவ்வளவுதான் சுற்றோட்டம், தெர்மோசைஃபன் என்று பெயர். 90 டிகிரித் தண்ணீருக்கும் 60 டிகிரித் தண்ணீருக்கும் எடை வித்தியாசம் சுமார் 2 சதவீதம்தான், தண்ணீரைத் தள்ளுவதற்கு அதைவிட்டால் வேறு எதுவும் இல்லை. அதனால் ரேடியேட்டரின் மேல் டேங்க், என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைவிட நன்றாக உயரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாயைவிட ஒருபோதும் இறங்கக் கூடாது, இறங்கினால் சுற்றோட்டம் அப்படியே நின்றுவிடும். நான் வாங்கிய குட்டையில் டேங்க் ஹெட்டோடு ஏறக்குறைய சமமாக நின்றது. விற்றவர் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நானும்தான்.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி பர்மிங்ஹாமுக்கு வெளியே இரண்டே பேர் நடத்தும் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனேன். பெயரைப் போடவில்லை, ஏற்கெனவே அங்கே வரிசை நீளம். விலை சொல்வதற்கு முன்னால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விகளுக்கே பாதிப் பணம் கொடுக்கலாம். என்ஜின் எத்தனை குதிரைசக்தி? ஹெட்டிலிருந்து மேல் டேங்க் வரை எத்தனை அங்குலம்? ஃபேன் உண்டா? உள்ளே வரும் காற்று எந்த வழியாக வெளியே போகும்? கடைசிக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. சக்கரத்துக்குப் போகும் சக்தி எவ்வளவோ, தோராயமாக அதே அளவு வெப்பம் தண்ணீருக்கும் போகும். என் என்ஜின் கொஞ்சம் ட்யூன் செய்தது, 24 குதிரைசக்தி வரும், அதாவது சுமார் 18 கிலோவாட், இங்கே வீட்டில் டீக்குத் தண்ணீர் காய்ச்சும் 3 கிலோவாட் கெட்டில் ஆறை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. என் குட்டை ரேடியேட்டரின் கோர், அதாவது காற்று புகுந்து போகும் குழாய்கள் அடுக்கிய நடுப்பகுதி, 14 அங்குல அகலம், 11 அங்குல உயரம். சரி, தடிமனை இரட்டிப்பாக்கினால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். முன் வரிசைக் குழாய்களைத் தாண்டும்போதே காற்று சூடாகிவிடும், பின் வரிசைக்குப் போய்ச் சேருவது சூடான காற்று, அதனால் முகப்புப் பரப்பைக் கூட்டுவதுதான் வழி என்றார். தண்ணீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் பிரஷர் மூடி போடலாமா என்றதற்கும் இல்லை என்றுவிட்டார். 7 பிஎஸ்ஐ மூடி கொதிநிலையைப் பத்து டிகிரி போல ஏற்றும் என்பது உண்மைதான், ஆனால் இந்த மாதிரி ஈயம் பற்றவைத்த பழைய வகைக் கோர் அந்த அழுத்தத்தில் உப்பிப் பிய்த்துக்கொள்ளுமாம்.

செய்து கொடுத்தது 14க்கு 15 அங்குலம், செம்புக் கோர், பித்தளை டேங்க், 780 பவுண்டு. பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது, டேங்கும் நான்கு அங்குலம் மேலே ஏறியது. அவர் சொன்னபடி ரேடியேட்டரைச் சுற்றி இருந்த இடைவெளியை ஃபோம் பட்டையால் அடைத்தேன், பானட்டின் இரண்டு பக்கமும் காற்று வெளியேற வெட்டு போட்டேன். போன மாதம் பிராட்வே ஊரிலிருந்து ஃபிஷ் ஹில் ஏறினேன், 85 டிகிரியைத் தாண்டவில்லை. ப்ரெஸ்காட்டில் மலையேறும் கார் பந்தயம் பார்க்கப் போனபோது வாசலில் இருபது நிமிடம் ஊர்ந்தும் 95தான்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து வாரம் என்றது ஒன்பது வாரமானது, நடுவில் போனையே எடுக்க மாட்டார்கள். பிராக்கெட் ஒன்று அரை அங்குலம் தள்ளி இருந்தது, நானே ஓட்டையை ராவிச் சரிசெய்தேன். ஈய வேலை மட்டும் அவ்வளவு சுத்தம், பெயின்ட் அடிக்க மனசு வரவில்லை.

மூக்கு உயர்ந்ததால் பானட்டை மறுபடி வெட்டி ஒட்ட வேண்டி வந்தது, அது மூன்று வார இறுதிகளைத் தின்றுவிட்டது. பழைய குட்டை ரேடியேட்டர் கராஜில் சும்மாதான் கிடக்கிறது. வாட்டர் பம்ப் வைத்த சின்ன என்ஜின்காரர்கள் யாராவது இருந்தால் 100 பவுண்டுக்குத் தருகிறேன், ஆனால் வாங்கும் முன் ஹெட்டின் உயரத்தை அளந்துகொண்டு வாருங்கள்.