ராத்திரி வயலுக்கு ஒரு லுமினாக்ஸ்

ஆலங்குளம் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனம். மும்முனை கரண்ட் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும் என்பதால், சேற்றுக் கையோடு செல்போனை எடுக்காமல் மணி பார்க்க ஒரு வாட்ச் தேவைப்பட்டது. துபாயில் இருக்கும் மச்சான், தான் கட்டிப் பழகிய லுமினாக்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாதாரண ரேடியம் வாட்ச் என்று நாம் சொல்வோமே, அது வெளிச்சத்தைக் குடித்துவிட்டு ஒளிரும், விடிவதற்குள் மங்கிவிடும். இது வேறு ஜாதி. முள்ளிலும் எண்களிலும் பொடிப்பொடிக் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே டிரிட்டியம் என்கிற கதிரியக்க வாயு, குழாயின் உட்சுவரில் பாஸ்பர் என்கிற ஒளிரும் பூச்சு. வாயுவிலிருந்து வரும் எலக்ட்ரான் பூச்சில் பட்டுக்கொண்டே இருக்கும், அதுவும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். வெயிலும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, பயப்பட வேண்டியதில்லை.

1989இல் அமெரிக்காவில் பேரி கோஹன் தொடங்கிய கம்பெனி இது, குழாய்கள் சுவிஸ் சரக்கு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் சீல் என்கிற சிறப்புப் படை வீரர்களுக்குப் பொருள் தேர்ந்தெடுத்த நிக் நார்த் கேட்டுத்தான் ராணுவ மாடல் பிறந்தது. 2016இல் முழுசாக மோண்டேன் என்கிற சுவிஸ் வாட்ச் கம்பெனி கைக்குப் போய்விட்டது.

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருஷம், அதாவது அத்தனை வருஷத்தில் அது பாதியாகிவிடும். மச்சான் பத்து வருஷம் கட்டியது, ஆகையால் வெளிச்சம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, ஆனாலும் வரப்பில் நின்று தெளிவாக மணி பார்க்கலாம். விலைதான், சொன்னால் அம்மா வெளக்குமாத்தைத் தூக்குவாள்.

அப்புறம், பேட்டரி மாற்ற ஜங்ஷனில் ஒரு கடையில் கொடுத்தேன். பின்மூடியின் ரப்பர் வளையத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு, "தண்ணி படாம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான் அந்தப் பையன்.