தண்ணீர் பிரிக்கும் பெட்ரோல் ஃபில்டர்: கத்திரி வெயிலில் எவ்வளவு உதவும்?

கடைகளில் 'வாட்டர் செபரேட்டர்' என்று சொல்லிக் கொடுப்பார்களே, அந்த ஃபில்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேலே அலுமினியத் தலை, நடுவில் திருகி மாட்டும் 10 மைக்ரான் ஃபில்டர், அடியில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கப், கப்பின் அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஒரு குட்டித் திருகு. காசிமேட்டில் வாங்கினேன், மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நமக்குப் பழவேற்காடு. ஃபைபர் படகு, பின்னால் வெளியே தொங்கும் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்.

"அண்ணே, இதை மாட்டிட்டா வெயில்ல எஞ்சின் நிக்கிற பேச்சே இருக்காது" என்றார் கடைக்காரர். அதில் பாதிதான் உண்மை. யோசித்துப் பார்த்தால் பாதிகூட இல்லை, கால்வாசி. ஆனாலும் இதைக் கழற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் கடலுக்குப் போவது எங்களைப் போன்ற சின்னப் படகுகள்தான், மீனுக்கும் நல்ல விலை கிடைக்கும். கத்திரி வெயிலும் அதே நாட்களில்தான் வந்து உட்காரும். கரையில் எஞ்சின் மக்கர் பண்ணினால் போகிறது என்று விடலாம். முகத்துவாரத்தில், மணல்திட்டுக்கும் அலைக்கும் நடுவே அணைந்தால் படகு குறுக்கே திரும்பிவிடும். அங்கே எஞ்சினைக் கிளப்பும் கயிறை இழுத்துக்கொண்டு நிற்க முடியாது.

முதலில் இந்த ஃபில்டர் உருப்படியாகச் செய்யும் வேலை. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பகல் வெயிலில் டேங்கில் உள்ள காற்று விரிந்து வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் உப்புக் காற்றை ஈரத்தோடு உள்ளே உறிஞ்சும். மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் அலைத் தண்ணீரும் சேரும். ஓரளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்று சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் எஞ்சினுக்கு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்கிறோம். அந்த ஆயில் மேலே பெட்ரோலோடுதான் நிற்கும், அடியில் இறங்கிய கலவையோடு போகாது. அதை எஞ்சின் குடித்தால் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கப்பில் இது பளிச்சென்று தெரியும். நான் ஊற்றும் ஆயில் நீல நிறம். மேலே இளநீலமாக பெட்ரோல், அடியில் நிறமே இல்லாமல் ஒரு தட்டு, நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு. விரலால் தட்டினால் கோடு ஆடி மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கும். கொஞ்சம் இருந்தால் திருகைத் திறந்து ஒரு டப்பாவில் பிடித்துவிடலாம். திறக்கத் திறக்க மறுபடி சேர்ந்துகொண்டே இருந்தால் டேங்கில் உள்ள பெட்ரோலே கெட்டுவிட்டது. அப்போது முழுவதையும் மாற்றத்தான் வேண்டும், ஃபில்டரை நம்பி ஓட்டக் கூடாது.

சரி, வெயில் பிரச்சினைக்கு வருவோம். நன்றாக ஓடிய எஞ்சினை அணைத்துவிட்டு வலை விடுகிறோம். கால் மணி நேரத்தில் கயிறை இழுத்தால் கிளம்பாது. ஒரு மணி நேரம் கழித்து ஒரே இழுப்பில் கிளம்பும். ஓடும்போது கடல் தண்ணீர் உள்ளே ஏறிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே விழுகிறது. அணைத்ததும் அது நின்றுவிடும். சிலிண்டரில் இருக்கும் சூடு மூடிக்குள் அடைபட்டு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறும். அங்கே நிற்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பம்ப் வெறும் ஆவியை நசுக்கிக்கொண்டிருக்குமே தவிர பெட்ரோல் ஏறாது. இது நடப்பது ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குள். ஃபில்டர் என்ன செய்யும்?

அதற்கு நாங்கள் செய்வது வேறு. அணைக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுவோம். அணைத்ததும் மேல்மூடியைக் கழற்றிச் சூடு வெளியே போக விடுவோம். மறுபடி கிளப்பும்போது, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஓஸில் கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்ற இருக்கும் ரப்பர் பல்பை அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து, கெட்டியாகும் வரை அமுக்க வேண்டும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் சூட்டில் கார்புரேட்டர் பொங்கி ஓவர் ஆகிவிட்டது, சோக்கைத் தொடாமல் த்ராட்டிலைத் திறந்து வைத்து இழுக்க வேண்டும்.

இன்னொரு கோளாறு, ஓடும்போதே சுதி இறங்குவது. "மச்சான், பல்பு சப்பிப் போய்க் கிடக்குது" என்று முன்னாலிருந்து குரல் வந்தால் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத்தான் முதலில் பார்ப்பேன். அதை மூடியபடியே ஓட்டினால் டேங்க் பெட்ரோலை விடாது. மூடி வைத்து வெயிலில் போட்டாலோ டேங்க் பலூனாகி பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளும். திருகு திறந்திருந்தும் பல்பு சப்பினால் ஃபில்டருக்கு முன்னால் அடைப்பு, இல்லையென்றால் ஃபில்டரே அடைத்திருக்கும். பழைய ஓஸில் உள்தோல் உரிந்து, இழுக்கும்போது ஒட்டிக்கொள்வதும் உண்டு. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும்.

கடைக்காரர் சொல்லாத ஒரு நன்மையும் இந்தக் கப்பில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது குமிழி வருவது தெரியும். டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் எங்காவது ஓட்டை இருந்தால் பெட்ரோல் கசியாது, காற்றை உள்ளே இழுக்கும். கையால் தடவினாலும் ஈரம் இருக்காது. காலைக் குளிரிலும் குமிழி வந்தால் இணைப்பில் லீக். உச்சி வெயிலில் மட்டும் வந்தால் டேங்கும் ஓஸும் கொதிக்கின்றன. டேங்க் மேல் ஈரச் சாக்கு போட்டு, ஓஸை நிழலில் ஓட்டிய பிறகு எனக்கு அது வெகுவாகக் குறைந்தது. டேங்கைக் கழுத்து வரை நிரப்பவும் கூடாது, பெட்ரோல் விரிய இடம் வேண்டும்.

மாட்டும்போது டேங்குக்கும் பல்புக்கும் நடுவில், நிழல் விழும் பக்கமாக மாட்டுங்கள். இணைப்பு மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அதன் துணுக்கு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் குட்டித் துளையான ஜெட்டில் போய் உட்காரும். பெட்ரோல் தாங்கும் பசை தனியாகக் கிடைக்கிறது. எஞ்சின் படகுக்குள்ளேயே இருந்தால் இந்த பிளாஸ்டிக் கப் வேண்டாம், தீப்பிடித்தால் தாங்காது.

குறை என்றால் திருகுதான். ரொம்பச் சின்னது, ஈரக் கையில் வழுக்குகிறது. அதன் ரப்பர் வளையம் தனியாக வேண்டும் என்று கேட்டால் கடையில் முழு கப்பையும் தூக்கிக் கொடுக்கிறார்கள். கப்பைத் தின்னரில் கழுவாதீர்கள், மங்கிவிடும், அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. கையில் மூவாயிரம்தான் இருக்கிறது, ஓஸும் பழசு என்றால் முதலில் நல்ல ஓஸும் பல்பும் வாங்குங்கள். ஃபில்டர் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.