டோர்ட்மண்ட் தெற்குக் கேலரி: 24,454 பேரில் ஒருவராக நின்று பார்த்த ஆட்டம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், பொருசியா டோர்ட்மண்ட் கழகத்தின் அரங்கில், ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் எழும்பி நிற்கும் தெற்குக் கேலரியில் உள்நாட்டு லீக் ஆட்டங்களின்போது ஒரு நாற்காலிகூட இருக்காது. அங்கே 24,454 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் நின்று பார்ப்பதற்கான கேலரிகளில் இதுவே மிகப் பெரியது. எல்லோரும் மஞ்சள் உடுத்தி வருவதால் இதற்கு "மஞ்சள் சுவர்" என்று பெயர். கடந்த இரண்டு பருவங்களில் மூன்று முறை அங்கே நின்றிருக்கிறேன். ஜெர்மனிக்கு வரும் நண்பர்கள், அந்த அனுபவத்துக்காக ஒரு நாளை ஒதுக்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நுழைவுச்சீட்டு. அரங்கின் மொத்தக் கொள்ளளவு 81,365. இதில் ஏறத்தாழ 55,000 இடங்கள் பருவச்சீட்டு வைத்திருப்பவர்களுடையவை. அவர்கள் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மிஞ்சுவதில் பெரும்பகுதி கழக உறுப்பினர்களுக்குப் போய்விடும். இதை அறியாமல் முதல் முறை ஒரு மறுவிற்பனை இணையதளத்தில் அச்சிட்ட விலையைப்போல் நான்கு மடங்கு கொடுத்தேன். ஆட்ட நாள் வரை சீட்டு வரவில்லை, பணம் திரும்பி வர இரண்டு மாதங்கள் ஆயின. அந்த வழியில் யாரும் போக வேண்டாம். வர முடியாத பருவச்சீட்டுக்காரர்கள் தங்கள் இடத்தை விற்பதற்குக் கழகமே அமைத்துள்ள இரண்டாம் சந்தையைப் பொறுமையாகக் கவனித்து வந்தால் இடம் கிடைக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரின் நட்பு இருந்தால் இன்னும் நல்லது. மூன்றில் இரண்டு முறை, உடன் வேலை செய்பவரின் தந்தை தம் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொண்டார்.

விலை சுமார் 20 யூரோ. ஐரோப்பாவின் முதல்தர லீக் ஒன்றுக்கு இது மிகவும் குறைந்த விலை. ஆனால் அது யாரும் மனமிரங்கிக் கொடுத்த சலுகை இல்லை. 2010-இல் பரம எதிரியான ஷால்கவின் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு, நின்று பார்க்கும் இடத்தின் விலை 20 யூரோவைத் தாண்டியபோது, டோர்ட்மண்ட் ரசிகர்கள் பலர் அந்த ஆட்டத்தையே புறக்கணித்தார்கள். "கைன் ஸ்வானி", அதாவது "இருபது யூரோ தரமாட்டோம்" என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. 2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் விலை உயர்வை எதிர்த்து ஆடுகளத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசியவர்களும் இவர்களே. 1989-இல் ஹில்ஸ்பரோ அரங்கின் நெரிசலில் ரசிகர்கள் இறந்த பிறகு இங்கிலாந்து தன் முதல்தர அரங்குகளில் நிற்கும் இடங்களை எல்லாம் நாற்காலிகளாக மாற்றிவிட்டது. ஜெர்மனியில் அவை நிலைத்ததற்கும், ஒரு மாணவரும் ஓய்வு பெற்ற தொழிலாளியும் ஒரே படியில் நிற்க முடிவதற்கும், ரசிகர்கள் ஓர் அமைப்பாக நின்று கேட்டுப் பெற்றதே முக்கியக் காரணம் என்று நம்புகிறேன்.

சீட்டைக் காட்டினால் ஆட்ட நாளில் வட்டாரப் பொதுப் போக்குவரத்துக்குத் தனிக்கட்டணம் இல்லை. முதன்மை ரயில் நிலையத்திலிருந்து யூ45 நகர ரயிலில் ஏறினால், வழி கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் கூட்டமே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பெரிய அரங்கை ஒட்டி, 1926-இல் திறக்கப்பட்ட ரோட்டெ எர்டெ என்ற பழைய மைதானம் இன்றும் இருக்கிறது. 1974 உலகக் கோப்பைக்காகப் புதிய அரங்கு எழும்பும் வரை கழகம் அங்கேதான் ஆடியது. ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். தெற்குக் கேலரியில் உங்கள் பிரிவு எது என்பதைத்தான் சீட்டு சொல்லுமே தவிர, எந்தப் படி என்று சொல்லாது. ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது அவசியம். கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் உள்ள 12, 13 ஆகிய பிரிவுகளில் தீவிர ரசிகர் குழுக்கள் நிற்கின்றன. முதல் முறை செல்பவர் அங்கே போய்க் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பது, பாடிக்கொண்டிருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. ஓரப் பிரிவு ஒன்றில் நின்றால் பாடலும் கேட்கும், பந்தும் தெரியும்.

படிகளுக்கிடையே இடுப்புயரத்தில் இரும்புக் கம்பித் தடுப்புகள் உண்டு. ஜெர்மன் மொழியில் அவற்றின் பெயருக்கு "அலையை உடைப்பது" என்று பொருள். கோல் விழும் நொடியில் மேலிருந்து கூட்டம் அலையாகச் சரியும். அந்தச் சரிவைத் துண்டு துண்டாக உடைத்து நிறுத்துவதே தடுப்பின் வேலை. என் முதல் ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த கம்பியில், கைகள் பற்றிப் பற்றி மஞ்சள் வண்ணம் தேய்ந்து உலோகம் பளபளத்தது. அதன் இடது முனையில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் நின்றிருந்தார்; அவருடைய ஜீன்ஸ் மேற்சட்டையில் இடமே இல்லாதபடி பழைய சின்னங்கள் தைக்கப்பட்டிருந்தன. நான் புதியவன் என்பதைக் கண்டுகொண்டவர், கம்பிக்கு முன்னால் நிற்காதே, பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொள் என்று சைகையால் காட்டி, தாம் அரை அடி நகர்ந்து இடம் கொடுத்தார். சற்று நேரத்தில் பின்படியிலிருந்த ஒரு சிறுமியைத் தோளைத் தொட்டு அழைத்துத் தமக்கு முன்னே நிறுத்திக்கொண்டார். கோல் விழுந்தபோது அவருடைய இரண்டு கைகளும் வானத்தை நோக்கிப் போகவில்லை. சிறுமியின் இருபுறமும் கம்பியை இறுகப் பற்றியிருந்தன. இருக்கை எண் இல்லாத ஓரிடத்தில் இத்தனை ஆயிரம் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் நிற்பது எப்படி என்பது எனக்கு அப்போது விளங்கியது.

ஆட்டம் தொடங்குமுன், லிவர்பூல் ரசிகர்கள் தமதாக்கிக்கொண்ட "யூ'ல் நெவர் வாக் அலோன்" என்ற ஆங்கிலப் பாடலுக்கு அரங்கம் முழுவதும் கழுத்துத்துண்டுகளை உயர்த்திப் பிடிக்கிறது. பிறகு நோர்பெர்ட் டிக்கல் ஒவ்வொரு வீரரின் முதற்பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்ல, குடும்பப் பெயரை அரங்கம் முழங்குகிறது. 1989 ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் வெர்டர் பிரேமனுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தவர் இவர். அறிவிப்பாளர் வேலையைக்கூட இந்த ஊர் தன் ஆட்டக்காரருக்கே கொடுத்து வைத்திருக்கிறது. கீழே மெகாஃபோனுடன் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியே நிற்கிறார். பெரிய கொடிகள் அசையும்போது எதிர்ப்பக்கத்துக் கோல் சில நொடிகள் மறைந்துபோகும். நுணுக்கமாக ஆட்டத்தைப் படிக்க விரும்புபவர் கிழக்கு அல்லது மேற்குப் பக்கத்தில் கூடுதல் விலை கொடுத்து உட்காருவதே சரி. இங்கிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலில் தேரோடும் நாளில் வடம் பிடித்திருக்கிறேன். வடம் பிடிப்பவருக்குத் தேர் முதுகுக்குப் பின்னால்தான் வரும். ஆனாலும் அந்த இடத்தை விட்டுவிட்டு நல்ல பார்வைக்காகத் தெருவோரம் போக யாருக்கும் மனம் வராது. தெற்குக் கேலரியில் நிற்பதும் அத்தகைய உழைப்பில் ஒரு பங்கு.

இந்தக் கூட்டத்தைப் புனிதமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. 2017 பிப்ரவரி 4 அன்று ரெட் புல் பான நிறுவனம் உருவாக்கிய ஆர்பி லைப்சிக் கழகத்துடனான ஆட்டத்தின்போது, வந்திருந்த ரசிகர்கள்மீது அரங்குக்கு வெளியே கற்கள் வீசப்பட்டன. குடும்பங்களும் குழந்தைகளும் அதில் சிக்கினார்கள். இதே கேலரியில் இழிவான பதாகைகள் தொங்கின. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அபராதம் விதித்ததோடு, பின்னர் வோல்ஃப்ஸ்பர்க்குடன் நடந்த ஆட்டத்துக்குத் தெற்குக் கேலரியை மூடவும் செய்தது. அந்தத் தண்டனை நியாயமானது. பெரும் பணத்தால் எழுப்பப்பட்ட கழகத்தை எதிர்க்கும் உரிமை, அதன் சட்டையை அணிந்த குழந்தையின்மீது கல்லெறியும் உரிமை ஆகாது. சுமார் இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, மொனாக்கோவுடனான ஆட்டத்துக்குப் புறப்பட்ட டோர்ட்மண்ட் அணியின் பேருந்தைக் குண்டுகள் தாக்கின. ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போக, ஊர் திரும்ப முடியாமல் தவித்த மொனாக்கோ ரசிகர்களுக்கு டோர்ட்மண்ட்காரர்கள் தங்கள் வீடுகளில் படுக்கையும் உணவும் கொடுத்தார்கள்.

என்னை மிகவும் தொட்டது 2016 மார்ச் 13. மைன்ஸ் அணியுடனான ஆட்டத்தின் நடுவே பார்வையாளர் ஒருவர் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி பரவியது. யாரும் ஆணையிடாமலே இரு தரப்பு ரசிகர்களும் பாட்டை நிறுத்திக்கொண்டார்கள், கொடிகள் இறங்கின. 80,000 பேர் இருக்கும் அரங்கில் உதைபடும் பந்தின் ஓசை கேட்கும் அளவுக்கு மீதி ஆட்டம் அமைதியில் நடந்து முடிந்தது. டோர்ட்மண்ட் 2-0 என வென்றது. முடிவில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து மஞ்சள் சுவருக்கு முன்னால் நிற்க, அரங்கம் "யூ'ல் நெவர் வாக் அலோன்" பாடலை மட்டும் பாடியது.

உணவுக்காக இங்கே வர வேண்டியதில்லை. பன்னுக்குள் வைத்துக் கடுகுச் சாந்துடன் தரும் பிராட்வுர்ஸ்ட் என்ற சுட்ட தொத்திறைச்சிதான் முதன்மை உணவு. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் பிரெட்ஸல் ரொட்டியும் உண்டு. பானக் கோப்பைக்கு முன்பணம் வாங்குகிறார்கள். கோப்பையைத் திருப்பித் தந்தால் அது கிடைத்துவிடும். கோல் விழும்போது பியர் மழையாகத் தெறிக்கும் என்பதால் நல்ல உடையை வீட்டில் விட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இந்தக் கேலரியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். வீரர்கள் கை கோத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்து நிற்பார்கள். தோற்ற நாளிலும் வருவார்கள். முதல் ஆட்டத்தன்று அது முடியும்வரை நின்றிருந்த அந்த முதியவர், பிறகு காலடியில் கிடந்த கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, கம்பியை ஒருமுறை உள்ளங்கையால் தட்டிவிட்டுப் படியிறங்கினார். அடுத்த முறை போனபோதும் அவர் அதே முனையில்தான் நின்றிருந்தார்.