விற்பனைப் பக்கத்தில் ஒரு பட்டியல், பாட்டிலில் வேறொரு பட்டியல்: ஃபேஸ் வாஷ் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

இணையத்தில் ஒரு ஃபேஸ் வாஷ் வாங்கி ஆறு வாரம் அவதிப்பட்டேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், நடந்ததை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். எளிதில் சிவக்கிற, எரிகிற தோல் உள்ளவர்கள் யாருக்கும் இது நடக்கலாம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வறண்ட தோல். சோப்பு போட்டால் கன்னம் இழுத்துப் பிடிக்கும். சாதாரண சோப்பின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) அளவு 9, 10 வரை போகும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்க மாட்டேன். இந்த முறையும் இரண்டு ஃபேஸ் வாஷ்களில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றில் தண்ணீருக்கு அடுத்து சோடியம் லாரில் சல்பேட் இருந்தது. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கப் பயன்படுத்துகிற பொருள் அது. ஒதுக்கிவிட்டேன். இன்னொன்றின் விற்பனைப் பக்கத்தில் தண்ணீர், கிளிசரின், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று வரிசை போனது. ஐசெதியோனேட் மென்மையாகச் சுத்தம் செய்கிற வகை. வாசனைப் பொருள் எதுவும் இல்லை. சரி, இதுதான் நமக்கு என்று ஆர்டர் போட்டேன்.

பாட்டில் வந்தது. விற்பனைப் பக்கத்தில் பார்த்த அதே படம், அதே நிறம். முன்னால் பெரிய எழுத்தில் ‘சல்பேட் இல்லாதது’, ‘மென்மையானது’. பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. பட்டியலைத்தான் ஏற்கெனவே படித்துவிட்டேனே என்ற நம்பிக்கை.

முதல் நாளே நுரை பொங்கி வந்தது. கழுவித் துடைத்ததும் கன்னத்தில் விரலை வைத்தால் வழுக்காமல் கிறீச்சென்று நின்றது. நன்றாகச் சுத்தமாகியிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் தோலுக்குத் தேவையான எண்ணெயும் சேர்ந்து கழுவப்பட்டுவிட்டது என்பதற்கான அறிகுறி அது. நாலாம் நாள் மூக்கோரம் எரிந்தது. இரண்டாவது வாரம் கண் இமைகள் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, காலையில் கண்ணைத் திறக்கவே காந்தியது.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் தயங்காமல் சொன்னார்: “மேடம், உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் வெளியே வருது. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். இன்னும் ரெண்டு வாரம் விடாம போடுங்க.” நானும் போட்டேன். இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. ரெட்டினாய்டு, ஆசிட் மாதிரி தோல் செல்கள் உதிர்ந்து புதிதாவதை வேகப்படுத்துகிற மருந்து போடும்போது முதல் சில வாரம் பருக்கள் கூடுவது உண்டு. இந்த ஃபேஸ் வாஷில் அப்படிப்பட்ட எதுவும் இல்லை. அதோடு அரிப்பும் சிவப்பும் செதிலும் பரு அல்ல. எரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள், போனில் யார் என்ன சொன்னாலும்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பாட்டிலைக் கொண்டு வந்தீங்களாம்மா?” எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, பேனாவால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு வட்டம் போட்டார். அப்போதுதான் நான் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிறேன். தண்ணீர், சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்போனேட், கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன், உப்பு, கிளிசரின், பர்ஃப்யூம், அப்புறம் மெத்தில்குளோரோ ஐசோதயசோலினோன், மெத்தில் ஐசோதயசோலினோன், கடைசியில் ஓட்ஸ் சாறு. விற்பனைப் பக்கத்தில் நான் படித்த பட்டியலே இல்லை இது.

கோடு போட்டது ஒலிஃபின் சல்போனேட்டுக்கு. சல்பேட் வேறு, சல்போனேட் வேறு. ஆகவே ‘சல்பேட் இல்லாதது’ என்று அச்சிட்டது எழுத்தளவில் பொய் இல்லை. ஆனால் இதுவும் நன்றாக நுரைத்து எண்ணெயை வழித்தெடுக்கிற ரகம்தான். வறண்ட தோலுக்கு அந்த வாசகத்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

வட்டம் போட்டது மெத்தில் ஐசோதயசோலினோனுக்கு. கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கிற பொருள். ஒவ்வாமை உண்டாக்குவதில் பெயர் எடுத்தது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013-இல் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் கழுவாமல் தோலிலேயே விடுகிற கிரீம், லோஷன்களில் இதைத் தடை செய்துவிட்டது. அங்கே கழுவிவிடுகிற பொருட்களில் 0.0015 சதவீதம்தான் உச்சவரம்பு. அவ்வளவு சொற்பமாக இருந்தாலும், ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட தோலுக்கு அது போதுமானதாகிவிடலாம்.

எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று பார்க்கிற பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி, இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள், இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தார்கள். ஒரே ஒரு இடம் தடித்துச் சிவந்து, சின்னக் கொப்புளத்தோடு நின்றது. வட்டம் போட்ட அதே பொருள்.

ரிப்போர்ட்டோடும் இரண்டு பட்டியல்களின் படத்தோடும் கம்பெனிக்கு எழுதினேன். பதில்: ‘ஃபார்முலா மாற்றப்பட்டுள்ளது, பக்கம் விரைவில் புதுப்பிக்கப்படும், திறந்த பாட்டிலைத் திரும்பப் பெற இயலாது.’ மாற்றியது அவர்கள், மாற்றியதைச் சொல்லாதது அவர்கள், இழப்பு மட்டும் எனக்கு.

அதனால் பார்சல் வந்ததும் மூடியைத் திறப்பதற்கு முன்னால் பின்பக்கத்தைப் படியுங்கள். பக்கத்தில் இருந்த பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். திறந்துவிட்டால் உங்கள் கை கட்டப்பட்டுவிடும். ஆர்டர் போடும்போதே பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தற்செயலாக அந்தப் படம் இருந்தது. இல்லையென்றால் நான் பொய் சொல்வதாகத்தான் ஆகியிருக்கும்.

பட்டியலைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்பது பொது விதி. ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எந்த வரிசையிலும் எழுதலாம். என் பாட்டிலில் கெட்டியாக்கச் சேர்த்த உப்புக்கும் பின்னால்தான் கிளிசரின் நின்றது. கிருமித்தடுப்புப் பொருளுக்கும் பின்னால் ஓட்ஸ் சாறு. முன்பக்கம் பெரிதாக ஓட்ஸ் படம் போட்டிருந்தார்கள்!

பெயரை மட்டும் வைத்து எதையும் ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். சோடியம் லாரத் சல்பேட் (முதலில் சொன்ன லாரில் அல்ல, லாரத்) இருக்கிற ஒரு திரவத்தில், பீட்டெய்ன் என்ற மென்மையான நுரைப்பொருளும் சரியான அளவில் சேர்ந்தால் எரிச்சல் குறையும். ‘சல்பேட் இல்லாதது’ என்று எழுதிய ஒன்றைவிட அது இதமாகவும் இருக்கலாம். பீட்டெய்னே சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆகவே முகத்துக்குப் போவதற்கு முன் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவி, தினம் இரண்டு வேளை ஒரு வாரம் பாருங்கள். ‘மணமற்றது’ என்ற வார்த்தையையும் நம்பிவிடாதீர்கள். மற்றப் பொருட்களின் வாடையை மறைக்கவே வாசனைப் பொருள் சேர்ப்பது உண்டு. பட்டியலில் பர்ஃப்யூம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவர் சொன்னபடி வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து திருப்பிப் படித்தேன். பாத்திரம் கழுவும் திரவத்திலும், துணி துவைக்கும் திரவத்திலும், ஷாம்பூவிலும் அந்த மெத்தில் ஐசோதயசோலினோன் இருந்தது. மூன்றையும் மாற்றியாகிவிட்டது. இமை ஆறிவிட்டது, இடது பக்கம் மட்டும் தோல் இன்னும் கொஞ்சம் கருத்திருக்கிறது. இன்று காலை அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய பட்டியல்தான் இன்னும் இருக்கிறது.